சூறாவளி நிவாரணத்தில் நிறுவனமும் ஊழியர்களும் உருப்படியாகச் செய்யக்கூடியவை

கேட்கப்பட்ட கேள்வி: “வட கரோலினாவில் ஏறத்தாழ 400 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். ஒவ்வொரு ஹரிக்கேன் பருவத்திலும் அலுவலக வரவேற்பறையில் அட்டைப் பெட்டிகளை வைத்துத் துணி, டப்பா உணவு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேகரித்து அனுப்புகிறோம். இந்த ஆண்டு அதற்கான ஊழியர் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதைவிட உருப்படியாக நிறுவனமும் நாங்களும் என்ன செய்ய முடியும்?”

அந்த அட்டைப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். இங்குள்ள ஒரு நிறுவனத்தின் ஊழியர் நிவாரணக் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி சூறாவளி டெக்சஸ் மாநிலத்தின் ராக்போர்ட் அருகே கரையேறி, அதன் பிறகு நகராமல் நாட்கணக்கில் எங்கள் தலைக்கு மேலேயே நின்று பெய்தது. நெடர்லாந்து என்ற ஊரில் மட்டும் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. அப்போது நாங்களும் உங்களைப் போலவே பெட்டி வைத்தோம். இரண்டு வேன் நிறையத் துணி சேர்ந்தது. அதை இறக்கிய கூடத்தில், வெள்ளம் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்யப் போயிருக்க வேண்டிய தன்னார்வலர்கள், மூன்று நாள் உட்கார்ந்து கிழிந்தது எது, கிழியாதது எது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹூஸ்டனின் ஆகஸ்ட் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டுகளை யாரும் தொடவில்லை.

இது எங்கள் அனுபவம் மட்டுமன்று. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராசைச் சிதைத்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த துணி மூட்டைகள் விமான நிலையத்தை அடைத்துக்கொண்டதால் நிவாரணப் பொருள் ஏற்றிவந்த விமானம் இறங்க இடமின்றித் தடுமாறியதைப் பணியில் இருந்த அமெரிக்க அதிகாரி ஒருவர் பின்னாளில் விவரித்தார். நிவாரணத் துறையினர் இப்படி வந்து குவியும் பொருட்களை ‘இரண்டாவது பேரிடர்’ என்றே அழைக்கிறார்கள். பிரிக்கவும் அடுக்கவும் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும், கிடங்கு வேண்டும், வண்டி வேண்டும். இந்த மூன்றும்தான் புயலடித்த ஊரில் இல்லாதவை. போர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கி ஓராண்டு ஆன பிறகு, சேய்பா என்ற இடத்தில் பழைய விமான ஓடுபாதை ஒன்றின் மேல் லட்சக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள் வெயிலில் காய்ந்து கிடந்த படங்கள் வெளியாயின. அங்கே தண்ணீர் இருந்தது; அதைக் கேட்டவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழிதான் இல்லை.

ஆகவே பெட்டி வைத்தே தீர வேண்டும் என்றால், களத்தில் இருக்கும் ஓர் அமைப்பு எழுத்தில் அனுப்பிய பட்டியலுக்கு மட்டும் வையுங்கள். அந்தப் பட்டியல்களில் துணி அரிதாகவே இருக்கும். குப்பை அள்ளும் தடித்த பைகள், கையுறை, முகக் கவசம், ஈரம் உறிஞ்சும் கருவி, குழந்தைகளுக்கான டயப்பர் ஆகியவையே இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் பணமே மேல். பணம் கெட்டுப்போவதில்லை, கிடங்கில் இடம் கேட்பதில்லை. உள்ளூர்க் கடையில் செலவாகும்போது அந்தக் கடைக்காரரையும் தூக்கி நிறுத்துகிறது. மரியாவுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் ஹோசே அந்த்ரேஸ் என்ற சமையல் கலைஞரின் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளை வழங்கியது. அந்தத் தீவின் சமையல்காரர்களையும் அங்கிருந்த சமையற்கூடங்களையும் கொண்டே பெரும்பாலும் அதைச் செய்து முடித்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கான என் பதிலை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் செய்யும் உதவியின் தரம், புயலடித்த பிறகு எழும் இரக்கத்தைப் பொறுத்ததாக இருப்பதில்லை. அட்லாண்டிக் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்பே என்னென்ன முடிவுகளை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. பருவம் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. உச்சம் செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டி வருகிறது. அந்த உச்சத்தில் கூடிப் பேசத் தொடங்கும் குழு, பெட்டி வைப்பதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாது.

எழுதிவைக்க வேண்டியவற்றில் முதலாவது, உங்கள் சொந்த ஊழியர்களைப் பற்றியது. “அது நிவாரணம் ஆகுமா, சொந்த ஆளைப் பார்த்துக்கொள்வதுதானே” என்று எங்கள் குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு. 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறிய ஹெலீன், கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள உங்கள் மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியை மறுநாள் மூழ்கடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரியன் ஊருக்கு அருகே நார்த் கோவில் உள்ள பேக்ஸ்டர் ஆலைக்குள் அப்போது வெள்ளம் புகுந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றப்படும் சலைன் போன்ற திரவங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாடு முழுவதும் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த ஆலை மீண்டும் ஓட இயந்திரம் காய்ந்தால் மட்டும் போதாது. அங்கே வேலை செய்யும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தங்க வீடும் வந்துசேரச் சாலையும் வேண்டும். ஓர் ஊழியரின் வீட்டுச் சுவர் காயும் வரை ஆயிரம் மைல் தள்ளி ஒரு நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால், அவருக்குச் செய்யும் உதவியை நிவாரணக் கணக்கில் சேர்க்காமல் வேறெதில் சேர்ப்பது?

அதற்கும் முந்திய கடமை ஒன்று இருக்கிறது. அதே ஹெலீனின்போது டென்னசி மாநிலத்தின் எர்வின் ஊரில், நோலிச்சக்கி ஆற்றின் வெள்ளம் ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களை அடித்துச் சென்றது. சிலர் உயிரோடு திரும்பவில்லை. யார் மீது என்ன பொறுப்பு என்பதை நான் இங்கே தீர்ப்பாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்த எச்சரிக்கை வந்தால் அலுவலகம் மூடப்படும், அதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், கிளம்பிப் போகிறவரின் சம்பளம் வெட்டப்படாது என்ற உறுதி உண்டா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை எழுத்தில் இருக்க வேண்டும். ஆற்றோரம் பணியிடம் உள்ளவர்களுக்கு இது நன்கொடையைவிட முக்கியம்.

சம்பளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி, மிகைநேர ஊதியத்துக்கு உட்படாத மாதச் சம்பளக்காரருக்கு, ஒரு முழு வாரத்துக்குக் குறைவாக அலுவலகம் மூடப்பட்டால் அந்த வாரச் சம்பளத்தை முழுமையாகத் தர வேண்டும். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை செய்த மணிக்கு மட்டுமே கூலி. ஆகவே புயல் வாரத்தில் உங்கள் நிரலாளருக்குச் சம்பளம் வந்துவிடும். உங்கள் கட்டடத்தைத் துடைப்பவருக்கும், வாசலில் காவல் நிற்பவருக்கும், உணவகத்தில் பரிமாறுபவருக்கும் வராது. அவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் உங்கள் மனிதவளத் துறையின் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அவசரகாலத்தில் மூடப்படும் முதல் பத்து நாட்களுக்கு அவர்களுடைய ஊதியத்தை உங்கள் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் குழு செய்த காரியங்களிலேயே எனக்கு நிறைவு தந்தது அந்த ஒரு வரிதான். அதைச் சேர்ப்பதற்கு இரண்டு ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது.

அடுத்தது, பாதிக்கப்பட்ட ஊழியருக்கு நேரடியாகப் பணம் தருவது. அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக வந்தது. கூட்டாட்சி அரசு பேரிடர் என்று அறிவித்த நிகழ்வு ஒன்றில், ஊழியரின் நியாயமான அவசியச் செலவுகளுக்கு நிறுவனம் தரும் பணத்துக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நிறுவனமும் அதைச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். வீட்டைப் பழுதுபார்த்தல், அடித்துச் செல்லப்பட்ட பொருட்களுக்கு மாற்று வாங்குதல், தற்காலிக வாடகை, மருத்துவம், ஈமச் செலவு ஆகியவை இதில் அடங்கும். காப்பீடு ஏற்கெனவே கொடுத்த தொகைக்கு இது பொருந்தாது. இழந்த சம்பளத்துக்கு ஈடாகவும் தர முடியாது. தொகை பாதிப்புக்கு ஏற்ற நியாயமான அளவில் இருக்கும் வரை, ஒவ்வொரு செலவுக்கும் ரசீதை நீட்டச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளத்தில் எல்லாம் போனவரிடம் ரசீது கேட்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை. சட்டம் ‘தனிநபர்’ என்றே குறிப்பிடுவதால், ஒப்பந்தப் பணியாளரையும் இதில் சேர்க்க முடியுமா என்று உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். விண்ணப்பப் படிவம், உச்சவரம்பு, ஒப்புதல் தருபவர் ஆகிய மூன்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி மே மாதத்திலேயே வைத்துவிட்டால், புயல் கடந்த மூன்றாம் நாள் பணம் கணக்கில் ஏறும்.

ஊழியர்களும் ஒருவருக்கொருவர் கொடுக்க விரும்புவார்கள். அதற்கென்று அறக்கட்டளை வடிவில் நிதி அமைப்பது ஒரு வழி. ஹோம் டிப்போ நிறுவனத்தில் 1999 முதல் இயங்கும் ஹோமர் நிதி இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. பொது அறக்கட்டளையாக அமைந்தால் ஊழியர் தரும் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கும். ஆனால் யாருக்கு உதவி என்று தீர்மானிக்கும் குழுவில், நிறுவனத்தின் மேலாண்மையில் செல்வாக்கு உள்ளவர்கள் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. உதவி பெறத் தகுந்தோர் இன்னார் இன்னார் என்று முன்கூட்டியே பெயர் குறித்து வைப்பதும் கூடாது. 400 பேர் கொண்ட நிறுவனம் தனி அறக்கட்டளை நடத்துவது வீண் செலவு என்பது என் கருத்து. உங்கள் மாநிலத்திலேயே சார்லட் நகரில் இருக்கும் ஈ4ஈ ரிலீஃப் போன்ற அமைப்புகள் பல நிறுவனங்களுக்காக இந்த வேலையைச் செய்கின்றன. விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அண்டை மேசைக்காரராக இல்லாமல் வெளியாளாக இருப்பதால், தன் கஷ்டத்தை எழுதக் கூச்சப்படும் ஊழியரும் எழுதுவார். சக ஊழியருக்காக இணையத்தில் திரட்டும் தனிப்பட்ட நிதியும் நல்லதுதான். அதற்கு வரிக் கழிவு இல்லை என்பதையும், அலுவலகத்தில் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவருக்கு அதிகமாகவும் ஒதுங்கி இருப்பவருக்குக் குறைவாகவும் சேரும் என்பதையும் மட்டும் மறக்க வேண்டாம்.

இங்கே நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபீமா வீட்டாருக்குத் தரும் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்போர், அகதிகள் போன்ற தகுதி வரையறுக்கப்பட்ட சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. எச்-1பி விசாவில் உள்ளவர் அந்தப் பிரிவில் வரமாட்டார். பல ஆண்டுகளாக இங்கே வரி கட்டியிருந்தாலும், வாடகை வீட்டுக் கூரை பறந்துபோனால், அவருக்கு முகாமில் இடமும் உணவும் தண்ணீரும் மருத்துவமும் போன்ற அவசர உதவி கிடைக்கும், காசோலை கிடைக்காது. அமெரிக்காவில் பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, ஊர் நண்பர்களுக்குத் தவறாமல் சொல்லுங்கள். குழந்தை இல்லாத இளம் தம்பதிக்கும், தனியாக வந்திருக்கும் பொறியாளருக்கும் 139ஆம் பிரிவின் கீழ் நிறுவனம் தரும் பணமும் ஊழியர் நிதியுமே கைகொடுக்கும். எச்-1பி ஊழியரை வேலை இல்லை என்று நிறுவனம் உட்கார வைக்கும் நாட்களுக்கும் ஊதியம் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. சிறு ஆலோசனை நிறுவனங்களில் இருப்போர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஹார்வியின்போது ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 200 பேர் வெள்ளத்தில் சிக்கியிருப்பதாக அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களில் இங்கே வேலை செய்யும் இந்தியக் குடும்பங்கள் பல.

விடுப்பைத் தானம் செய்வது பற்றியும் கேட்பார்கள். இதில் இரண்டு முறைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, உங்கள் விடுப்பு நாட்களைப் பொதுக் கணக்கில் போட்டுப் பாதிக்கப்பட்ட சக ஊழியர் எடுத்துக்கொள்ளச் செய்வது. எடுத்துக்கொள்பவருக்கு அது சம்பளமாகவே கருதப்படும். மற்றொன்று, நீங்கள் விட்டுக்கொடுக்கும் விடுப்பின் மதிப்பை நிறுவனம் ஓர் அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுப்பது. இந்த இரண்டாவது முறையில் உங்கள் வருமானமாக அது கணக்கிடப்படாமல் இருக்க, வருவாய்த் துறை அந்தந்தப் பேரிடருக்குத் தனி அறிவிப்பு வெளியிட வேண்டும். கத்ரீனா, சாண்டி, ஹார்வி, இர்மா, மரியா ஆகியவற்றுக்கு அப்படி வெளியிட்டார்கள். ஒவ்வொரு புயலுக்கும் வெளியிடுவார்கள் என்று நம்பித் திட்டம் தீட்டக் கூடாது. ஓய்வுக்கால 401(கே) சேமிப்பிலிருந்து பேரிடருக்காக 22,000 டாலர் வரை அபராதமின்றி எடுக்கவும், மூன்று ஆண்டுகளுக்குள் திருப்பிப் போடவும் 2022ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த வசதியை உங்கள் நிறுவனத்தின் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றிருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். எடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

சொந்த ஆட்களுக்கு வெளியே நிறுவனம் செய்யும் உதவியில், தன் அன்றாடத் தொழிலையே நிவாரணமாக மாற்றியவர்கள்தாம் சாதித்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையேறியபோது வால்மார்ட்டின் தலைமை அதிகாரியாக இருந்த லீ ஸ்காட், உங்கள் பதவிக்கு மீறிய முடிவுகளை எடுக்க வேண்டிவரும், கையில் உள்ள தகவலைக் கொண்டு சரியானதைச் செய்யுங்கள் என்ற பொருளில் மேலாளர்களுக்குச் செய்தி அனுப்பினார். அதன்படி கிளை மேலாளர்கள் சிலர் மேலிடத்தைக் கேட்காமலேயே கடையில் இருந்த தண்ணீரையும் மருந்தையும் ஊராருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் மீது எனக்கு வேறு மனக்குறைகள் பல உண்டு என்றாலும், அந்த வாரத்தில் அரசு லாரிகளுக்கு முன் அவர்களுடைய லாரிகள் சென்றது உண்மை.

டெக்சஸில் எச்-இ-பி மளிகைக் கடைகளைச் சொல்லாமல் ஹார்வியைப் பற்றிப் பேச முடியாது. நடமாடும் சமையற்கூடங்களும் நடமாடும் மருந்தகமும் கொண்ட வண்டி வரிசையை அவர்கள் புயல் வருமுன்பே தயாராக நிறுத்திவைக்கிறார்கள். அதே நாட்களில் ‘மேட்ரஸ் மேக்’ என்று ஊரார் அழைக்கும் ஜிம் மெக்கிங்வேல், தன் கேலரி ஃபர்னிச்சர் கடைகளின் கதவைத் திறந்து, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளின் மேல் வீட்டை விட்டு வெளியேறிய நகரவாசிகளைப் படுக்கவைத்தார். வாஃபிள் ஹவுஸ் உணவகங்கள் புயலுக்குப் பின் குறைத்த உணவுப் பட்டியலோடு உடனே திறக்கப் பழகியிருக்கின்றன. எவ்வளவு பழகியிருக்கின்றன என்றால், ஃபீமாவின் தலைவராக இருந்த கிரேக் ஃபியூகேட், ஒரு ஊரின் சேதத்தை மதிப்பிட அந்த ஊர் வாஃபிள் ஹவுஸ் முழுப் பட்டியலோடு நடக்கிறதா, குறைந்த பட்டியலோடு நடக்கிறதா, மூடியே கிடக்கிறதா என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பார்ப்பார். பீர் காய்ச்சும் ஆன்ஹைசர்-புஷ், 1988 முதல் பேரிடர் இடங்களுக்குக் குடிநீர் அனுப்பிவருகிறது. ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில் ஆலையில் பீர் அடைப்பதை அவ்வப்போது நிறுத்திவிட்டுக் குடிநீரைக் கேன்களில் அடைப்பார்கள். இவற்றில் எதுவும் புயலடித்த பிறகு யோசித்துச் செய்தது இல்லை.

உங்கள் தொழில் மென்பொருள். அதில் நிவாரணமாகக் கூடியது என்ன என்று பார்த்தால், முதலாவதாக, படிவம் நிரப்புவது. சொல்லும்போது சிறியதாகத் தெரியும். வீடு இழந்த எழுபது வயதுப் பாட்டி, செல்பேசியில் ஃபீமா விண்ணப்பம் போட்டு, ஓர் ஆவணம் குறைகிறது என்பதற்காக வரும் மறுப்புக் கடிதத்தைக் கடைசித் தீர்ப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார். பெரும்பாலும் அது கடைசித் தீர்ப்பு இல்லை. 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கத்ரீனாவுக்குப் பிறகு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்குத் தங்கள் பெயரில் பத்திரம் இல்லாத காரணத்தால் ஏராளமான கறுப்பினக் குடும்பங்கள் உதவியின்றிப் போயின. 2021இல்தான் ஃபீமா இந்த விதியைத் தளர்த்தி, உரிமையாளர் தாமே உறுதிமொழி தர வழிசெய்தது. கணினி பழகிய, பொறுமையான நான்கு பேர், சனிக்கிழமைதோறும் நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தால், எந்த நன்கொடைக் காசோலையைவிடவும் அதிகப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெற்றுத்தர முடியும். சட்டச் சிக்கல் வந்தால், ஃபீமாவும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் இளம் வழக்கறிஞர் பிரிவும் இணைந்து நடத்தும் இலவசச் சட்ட உதவிக்கு அனுப்பிவைக்கலாம். இரண்டாவதாக, உள்ளூர் அமைப்புகளுக்குத் தன்னார்வலர் பதிவும் வீடுகளின் தேவைப் பட்டியலும் வைத்துக்கொள்ளத் தரவுத்தளம் அமைத்துத் தருவது. இதற்காகப் புதுச் செயலி எழுதக் கிளம்பிவிடாதீர்கள். இந்த ஆசை நம் தொழிலில் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. அந்த அமைப்பு ஏற்கெனவே பயன்படுத்தும் விரிதாளைச் சீர்செய்து கொடுத்தால் போதும்.

சரக்கு வண்டி, கிடங்கு, பளுதூக்கி உள்ள நிறுவனங்களில் நண்பர்கள் இருந்தால், கத்ரீனாவை அடுத்து 2005இல் தோன்றிய அமெரிக்கன் லாஜிஸ்டிக்ஸ் எய்ட் நெட்வொர்க்கைப் பற்றிச் சொல்லுங்கள். காலியாகத் திரும்பும் லாரியையும் ஏற்ற வழியில்லாத நிவாரணப் பொருளையும் சேர்த்துவைப்பது அவர்கள் வேலை.

பண நன்கொடைக்கு வருவோம். ஊழியர் ஒரு டாலர் கொடுத்தால் நிறுவனமும் ஒரு டாலர் சேர்க்கும் ஈடு நன்கொடை முறையை 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக் தொடங்கிவைத்தது. இன்று பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் உண்டு. அதன் குறை வேகம். ஊழியர் தந்தது அன்றே போய்ச் சேரும். நிறுவனத்தின் பங்கு காலாண்டு முடிந்து, சரிபார்த்து, மூன்று மாதம் கழித்துப் போகும். பேரிடருக்கு மட்டும் வாரம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றுக்குப் புயலுக்கு முன்பே ஆண்டுதோறும் கொடுத்துவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. நேரடியாகக் குடும்பங்களின் கையில் பணம் தரும் கிவ்டைரக்ட்லி ஹார்விக்குப் பிறகு, டெக்சஸின் ரோஸ் சிட்டி என்ற சிற்றூரில் வீட்டுக்கு 1,500 டாலர் ஏற்றிய அட்டையைக் கொடுத்தது. வரிவிலக்குப் பெற்ற அமைப்புதானா என்று வருவாய்த் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு புயலின் பெயரிலும் இரவோடு இரவாக முளைக்கும் போலிகள் உண்டு; கத்ரீனாவையொட்டிக் கூட்டாட்சி நீதித் துறை இதற்கென்றே ஒரு தனி மையத்தை ஏற்படுத்த வேண்டிவந்தது.

எவ்வளவு தருவதானாலும் அதை ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம் என்பதே இதில் என் அழுத்தமான ஆலோசனை. தொலைக்காட்சியில் வெள்ளம் தெரியும் முதல் சில வாரங்களில் பணம் கொட்டும், பிறகு வற்றிவிடும். வீடு கட்டும் வேலையோ அப்போதுதான் தொடங்கும். ஆஷ்வில் நகரில் ஹெலீனுக்குப் பிறகு குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாட்கள் ஆயின. கழிப்பறைக்கு ஊற்றவே தன்னார்வலர்கள் முதியோர் குடியிருப்புகளுக்கு வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். தண்ணீர் வந்த நவம்பர் 18 அன்று அந்தச் செய்தியை நாட்டில் எத்தனை பேர் கவனித்தார்கள்? மூன்றில் ஒரு பங்கை உடனடியாகவும், ஒரு பங்கை மூன்றாம் மாதத்திலும், எஞ்சியதை ஓராண்டு கழித்து உள்ளூரில் அமைந்திருக்கும் நீண்டகால மீட்புக் குழுவுக்கும் கொடுங்கள். தேவாலயங்களும் சிறு அமைப்புகளும் சேர்ந்து மாவட்ட அளவில் அமைக்கும் இந்தக் குழுக்கள்தாம், காப்பீடும் அரசு உதவியும் எட்டாத வீடுகளைக் கடைசியில் கட்டித் தருகின்றன.

கடைசியாக, நேரில் போய் உழைப்பது. முதல் வாரத்தில் போகாதீர்கள். அழைப்பின்றிப் போகும் பத்துப் பேருக்குத் தங்குமிடமும் பெட்ரோலும் உணவும் அந்த ஊர்தான் தர வேண்டியிருக்கும். கமீல் சூறாவளிக்குப் பின் 1970இல் தோன்றிய தன்னார்வ அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்புக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் கிளை உண்டு. அதில் உறுப்பாக உள்ள ஏதேனும் ஓர் அமைப்பில் பருவத்துக்கு முன்பே பதிந்து, பயிற்சி எடுத்து, கூப்பிடும்போது செல்லுங்கள். பெரும்பாலும் கிடைக்கும் வேலை, வெள்ளம் புகுந்த வீட்டைக் காலிசெய்வதுதான்: நனைந்த கம்பளத்தையும் தரைப்பலகையையும் பெயர்த்து, நீர்மட்டத்துக்கு மேல் வரை சுவர்ப் பலகையை அறுத்தெடுத்து, உள்ளிருக்கும் மரச்சட்டத்தைக் காயவிடுவது. நனைந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால் இது காலத்தோடு ஓடும் வேலை. என்95 முகக் கவசம், தடித்த காலணி, தடித்த கையுறை, டெட்டனஸ் ஊசி ஆகியவை இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். நிறுவனம் இதற்குச் சம்பளத்தோடு ஆண்டுக்கு மூன்று நாளாவது விடுப்புத் தர வேண்டும். அதைப் புயல் மாதத்தில் மட்டும்தான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தக் கூடாது, ஏனெனில் மார்ச் மாதத்தில்தான் ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள். வீட்டுக்காரரின் பொருளைத் தூக்கி எறியும் முன் அவரிடம் கேளுங்கள், காப்பீட்டுக்காகப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நமக்கு நனைந்த குப்பையாகத் தெரிவது அவருடைய கல்யாண ஆல்பமாக இருக்கும்.

போகும் ஒவ்வொரு நாளும் கையில் ஒரு பதிவுத் தாள் இருக்கட்டும். பெயர், வந்த நேரம், கிளம்பிய நேரம், இடம், செய்த வேலை என்று ஐந்து கட்டங்கள் போதும். இது வெறும் அலுவலகச் சடங்கு அன்று. பேரிடர்ச் செலவில் ஃபீமா குறைந்தது 75 சதவீதத்தை ஏற்கும்போது மீதிப் பங்கை மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் தர வேண்டும். இடிபாடு அகற்றுதல் போன்ற அவசர வேலைகளில் தன்னார்வலர் உழைத்த மணிகளுக்கு மதிப்புப் போட்டு, அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. முறையாக எழுதப்படாத மணிகள் கணக்கில் ஏறாது. தாளை அன்று மாலையே, நீங்கள் வேலை செய்த மாவட்டத்தின் அவசரகால அலுவலகத்திலோ உங்களை அழைத்த அமைப்பிடமோ கொடுத்துவிட்டு, ஒரு நகலை உங்கள் குழுவின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.